யார் சொன்னது? எங்கே இருக்கிறது? – வம்சாவளிக்கும் பற்றுச்சீட்டு வேண்டும்



சென்ற மாத ஒலிபரப்பில், குடும்ப வம்சாவளியைக் கணனியில் எழுதுவது பற்றிப் பேசியிருந்தேன். நேரம் போதாமல் பாதியில் நிறுத்தவேண்டியதாயிற்று. பேச்சு முடிந்தபின் தொலைபேசியில் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றியே வந்தன. "பெயர்களை எல்லாம் போட்டுவிட்டோம் அண்ணை, ஆனால் எது சரி, எது பிழை என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்பதுதான் அது. நிகழ்ச்சியில் சொல்லாமல் விட்டதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

என் தவறிலிருந்து தொடங்குகிறேன்

2003ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பிள்ளைகள் நித்திரையான பின்னர் கணனிக்கு முன்னால் இருந்து எங்கள் வம்சாவளியை எழுதத் தொடங்கினேன். அது சமாதான ஒப்பந்த காலம். ஏ9 பாதை திறந்திருந்தது. தொலைபேசி அட்டை வாங்கி ஊருக்கும் கனடாவுக்கும் லண்டனுக்கும் மணிக்கணக்கில் பேசினோம். மாமிமார், பெரியம்மா, ஒன்றுவிட்ட அண்ணன்மார் என்று யார் யாரோ சொன்னதையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தட்டச்சுச் செய்தேன். பங்குனி மாதம் பிறக்கும்போது முந்நூறுக்கு மேற்பட்ட பெயர்கள் சேர்ந்துவிட்டன. பெரிய தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

பதினைந்து வருடங்கள் கழித்து, என் மகள் அதைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, உங்கட அப்பப்பா இரண்டு இடத்தில் இருக்கிறார். ஒன்றில் 1907 பிறந்தவர், மற்றதில் 1911 பிறந்தவர். எது சரி?"

என்னிடம் பதில் இல்லை. ஒரே மனிதரை இரண்டு தரம் பதிந்திருக்கிறேன். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். யார் எதைச் சொன்னார்கள் என்று நான் எங்கேயும் குறித்து வைக்கவில்லை. அப்பாவின் மூத்த சகோதரி, என் பெரிய மாமி, சொல்லியிருக்கலாம். அவர் 2011இல் காலமாகிவிட்டார். இனி யாரிடம் கேட்பது?

நான் தொழிலால் கணக்காளன். கடைக்காரர் ஒருவர் கணக்கைக் கொண்டுவந்து, "இது சாமான் வாங்கிய காசு" என்று வாயால் சொன்னால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். "பற்றுச்சீட்டு எங்கே?" என்று கேட்பேன். இங்கே டெனிஷ் மொழியில் அதை 'பிலாக்' என்பார்கள். டென்மார்க்கின் கணக்குப் பதிவுச் சட்டப்படி அவற்றை 5 வருடம் பாதுகாத்து வைக்கவேண்டும். ஒரு கோப்பிக்கடைச் செலவுக்கு இவ்வளவு ஆதாரம் கேட்கிற நான், என் அப்பப்பாவின் பிறந்த ஆண்டுக்கு ஒரு துண்டுச்சீட்டுக்கூட வைத்திருக்கவில்லை.

நேயர்களே, இந்தக் கட்டுரை முழுவதற்கும் சுருக்கம் இதுதான்: வம்சாவளியில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு விபரத்துக்கும் யார் சொன்னது, அது எங்கே இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதி வையுங்கள். அந்தப் பதிலைக் கணனியில் எங்கே எழுதுவது, பின்னர் எப்படித் தேடி எடுப்பது என்பதைக் கீழே பார்ப்போம்.

மூன்று அடுக்கு

வம்சாவளி மென்பொருட்கள் பல உண்டு. நான் இப்போது பாவிப்பது கிராம்ப்ஸ். 2001ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது, இலவசமாகக் கிடைப்பது, டெனிஷ் மொழியிலும் பாவிக்கக்கூடியது. வேறு மென்பொருள் பாவிப்பவர்களுக்கும் நான் சொல்லப்போவது பொருந்தும். ஏனென்றால், ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தரவுகளைக் கொண்டுபோவதற்கு ஜெட்கொம் என்ற பொது வடிவம் இருக்கிறது. அமெரிக்காவின் மோர்மன் திருச்சபையினர் அதை 1984இல் உருவாக்கினார்கள். சான்றுகளை அடுக்கும் முறை அதிலேயே வகுக்கப்பட்டிருப்பதால், பெரும்பாலான மென்பொருட்கள் ஒரே மாதிரியான மூன்று அடுக்கைத்தான் பின்பற்றுகின்றன.

முதலாவது, இருப்பிடம். பத்திரம் இப்போது எங்கே இருக்கிறது என்பது. யாழ்ப்பாணத்தில் ஒரு பிரதேச செயலகமாக இருக்கலாம், ரொறன்ரோவில் சித்தப்பாவின் அலுமாரியாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, சான்று. அந்தப் பத்திரம், பதிவேடு அல்லது புத்தகம்.

மூன்றாவது, சான்றுக் குறிப்பு. அந்தச் சான்றில் எந்தப் பக்கம், எத்தனையாம் இலக்கம், எந்தத் திகதி, அதை நான் எவ்வளவு நம்புகிறேன் என்ற விபரம்.

வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டால் விளங்கும். வங்கி என்பது இருப்பிடம். வங்கிப் புத்தகம் என்பது சான்று. அதில் குறிப்பிட்ட ஒரு வரிதான் சான்றுக் குறிப்பு.

நமது ஓல்போர்க் நகரத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. டெனிஷ் மக்களும் ஒருகாலத்தில் இலட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தவர்கள்தான். ஓல்போர்க்கில் பிறந்து சிக்காகோவில் வாழ்ந்த மக்ஸ் ஹேனியுஸ் என்பவரின் முயற்சியால், அவர்களுக்காக 1932இல் தொடங்கப்பட்டது இங்குள்ள டெனிஷ் புலம்பெயர்ந்தோர் சுவடிக்கூடம். கொப்பன்ஹேகன் பொலிசார் 1869 முதல் 1940 வரை, கப்பலேறியவர்களின் பெயர், வயது, தொழில், கடைசியாக இருந்த ஊர், போகும் இடம் ஆகியவற்றைப் பதிந்து வைத்தார்கள். அந்தப் பதிவேடுகளைப் பெயர்வாரியாகக் கணனியில் தேடக்கூடிய பட்டியலாக்கியதில் ஓல்போர்க் சுவடிக்கூடத்துக்கு முக்கிய பங்கு உண்டு. மூலப் பதிவேடு இருப்பது தேசிய சுவடிக்கூடத்தில்.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. பட்டியலைப் பார்த்து எழுதினால், "பட்டியலைப் பார்த்தேன்" என்றே எழுதவேண்டும். மூலப் பதிவேட்டைக் கண்ணால் பார்த்தால் மாத்திரம் "பதிவேட்டைப் பார்த்தேன்" என்று எழுதலாம். பட்டியல் தயாரித்தவர் ஓர் எழுத்தைப் பிழையாக வாசித்திருந்தால், அந்தப் பிழை உங்கள் தலையில் விழக்கூடாது.

நம்மிடம் இருக்கும் சான்றுகள்

"எங்களிடம் என்ன பத்திரம் இருக்கிறது? எல்லாம் போரோடும் இடப்பெயர்வோடும் போய்விட்டதே" என்று பலர் சொல்கிறார்கள். போனது உண்மைதான். 1981இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்தவை 97,000 அளவிலான நூல்கள் என்பார்கள். வீடுகளோடு எரிந்த பெட்டகங்களுக்குக் கணக்கே இல்லை. ஆனாலும் தேடினால் நம்மிடம் நினைப்பதைவிட அதிகம் உண்டு.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். இலங்கைப் பிறப்புப் பதிவில், பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு கூடு இருக்கும். பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எழுதவேண்டும். குடியுரிமைச் சட்டம் காரணமாகக் கேட்கப்பட்ட கேள்வி அது. நமக்கு இன்று அது புதையல். கடைசியில் 'தகவல் கொடுத்தவர்' என்ற கூடும் உண்டு. யார் சொன்னது என்ற நமது கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது. பதிவுப் பிரிவு, பதிவு இலக்கம், பதிந்த திகதி மூன்றையும் சான்றுக் குறிப்பில் எழுதுங்கள். நாளைக்கு இன்னொரு பிரதி எடுக்க அந்த இலக்கம் தேவைப்படும்.

சாதகக் குறிப்பு. பிள்ளை பிறந்த கையோடு எழுதப்படுவது. பிறப்பைப் பிந்திப் பதிந்த குடும்பங்களில் அத்தாட்சிப் பத்திரத்தைவிடச் சாதகமே பிறந்த நாளைச் சரியாகச் சொல்வதுண்டு.

காணி உறுதி. அதிலும் சீதன உறுதி. தேசவழமைச் சட்டத்தின் கீழ் பெண்ணின் சீதனக் காணி அவளுடையது. ஆகவே ஆண்வழியை மாத்திரம் சொல்லும் வேறு பத்திரங்களில் அகப்படாத பெண்வழி இதில் அகப்படும். எல்லை சொல்லும் இடத்தில், கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே இன்னாருடைய காணி என்று வரும் பெயர்கள் பெரும்பாலும் பங்கு பிரிந்த சகோதரர்களாகவே இருப்பார்கள். நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி மூன்றும் முக்கியம்.

கல்வெட்டு. அந்தியேட்டி அன்று கொடுக்கும் நினைவு மலர். அதில் வம்சாவளி இருக்கும், திதி வெண்பாவும் இருக்கும். திதி வெண்பாவில் ஒரு பொறி உண்டு. தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருவன. விகாரி என்றால் 1959–60ஆகவும் இருக்கலாம், 1899–1900ஆகவும் இருக்கலாம். வெண்பாவில் உள்ளபடி முதலில் எழுதிவிட்டு, நீங்கள் கணித்த ஆங்கிலத் திகதியைத் தனியே எழுதுங்கள். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் இணையத்தளத்தில் பல நினைவு மலர்கள் சேமிக்கப்பட்டுள்ளன. உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

டென்மார்க் கோவை. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நாம் அகதிகளாக வந்தபோது கொடுத்த வாக்குமூலம், மனைவி பிள்ளைகளைக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பம், அதோடு இணைத்த பத்திரங்கள் எல்லாம் ஒரு கோவையில் இருக்கின்றன. அந்தக் கோவைகளின் வரலாறு நம் மூத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1987இல் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார். அதனால் எழுந்த தமிழர் விவகாரத்தில் 1993இல் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்த வருடங்களில் கிடப்பில் கிடந்தவை வெறும் தாள்கள் அல்ல என்பதை அங்கே காத்திருந்த தாய்மார் அறிவார்கள். இன்று அதே கோவை உங்கள் குடும்ப வரலாற்றுக்கு ஒரு சான்று. உங்களைப் பற்றிய கோவையைப் பார்வையிடக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. டெனிஷ் மொழியில் அதற்கு 'அக்ட்இன்சிக்ட்' என்று பெயர். ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம். அது மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஊடாக எழுதப்பட்டது. பெயரின் எழுத்துக்களும் திகதிகளும் பிசகியிருக்கலாம். "அன்று இப்படிச் சொல்லப்பட்டது" என்பதற்குத்தான் அது சான்று.

வாய்மொழி. அம்மம்மா சொன்னது, மாமா சொன்னது. இதைச் சான்றாக எழுதக் கூடாது என்று நினைக்கவேண்டாம். சொன்னவர் பெயர், அவருக்கும் அந்த விபரத்துக்கும் என்ன தொடர்பு, எந்தத் திகதி, நேரிலா தொலைபேசியிலா, ஒலிப்பதிவு இருக்கிறதா என்று எழுதினால் அதுவும் ஒரு முழுமையான சான்று. நான் 2003இல் செய்யத் தவறியது இதைத்தான்.

அடுக்குவது எப்படி?

எல்லோருக்கும் வரும் சந்தேகம், எதை ஒரு சான்றாக எழுதுவது, எதைப் பலவாக எழுதுவது என்பது. நான் கடைப்பிடிக்கும் விதி எளிமையானது. கையில் எடுத்தால் ஒன்றாக வருவது ஒரு சான்று. ஒரு கல்வெட்டுப் புத்தகத்தில் நாற்பது பெயர் இருந்தாலும் அது ஒரே சான்று, சான்றுக் குறிப்புகள்தான் பல. பிறப்புப் பத்திரங்கள் தனித்தனித் தாள்கள், ஆகவே தனித்தனிச் சான்றுகள்.

சான்றுக்குத் தலைப்பு வைப்பதில் ஒழுங்கு வேண்டும். ஊர், பத்திர வகை, பெயர், ஆண்டு என்ற வரிசையை நான் பின்பற்றுகிறேன். "அளவெட்டி – சீதன உறுதி – அப்பாச்சி – 1934" என்பது போல. எல்லாத் தலைப்பும் ஊரில் தொடங்குவதால், பட்டியலை அகர வரிசையில் பார்த்தாலே ஓர் ஊர்ப் பத்திரங்கள் எல்லாம் ஒன்றாக நிற்கும். ஒருநாள் ஊரிலும் மறுநாள் ஆளின் பெயரிலும் தொடங்கினால் நூறு சான்று சேர்ந்தபின் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது இலக்கம். அலுவலகத்தில் ஒவ்வொரு பற்றுச்சீட்டுக்கும் ஓர் இலக்கம் இடுவதுபோல, ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். 1, 2, 3 என்று போனால் போதும், அழகான குறியீடு தேவையில்லை. அந்த இலக்கம் மூன்று இடத்தில் இருக்கவேண்டும். பத்திரத்தை வைத்திருக்கும் உறையின் வெளியே, ஸ்கான் செய்த படத்தின் பெயரில், கணனியில் உள்ள சான்றில். மூலப் பத்திரத்தின் மேல் பேனையால் எழுதவேண்டாம், ஒட்டுநாடாவும் ஒட்டவேண்டாம்.

ஒரு பத்திரம் பல விபரங்களுக்குச் சான்றாகும். ஒரு பிறப்புப் பத்திரம் பிள்ளையின் பிறந்த நாளுக்கும், தந்தை பெயருக்கும், தாய் பெயருக்கும், பாட்டனாரின் பிறந்த ஆண்டுக்கும் சான்று. நாலு தரம் புதிதாக எழுதாதீர்கள். ஒரு தரம் எழுதிய சான்றுக் குறிப்பையே நாலு இடத்திலும் இணைக்க மென்பொருள் இடம் தரும். பிழை திருத்த நேர்ந்தால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

சில மென்பொருட்களில் அலங்காரமான சான்றுப் படிவங்கள் பல இருக்கும். வேறு மென்பொருளுக்கு மாறும்போது அவற்றில் நிரப்பிய சில கூடுகள் காணாமற்போவதுண்டு. அந்நாளில் நம்மில் பலர் பாவித்த பி.ஏ.எவ். என்ற இலவச மென்பொருள் 2013இல் நிறுத்தப்பட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் போய்விடும், தரவு இருக்கவேண்டும். ஆகவே தலைப்பு, எழுதியவர், பக்கம், திகதி, குறிப்பு ஆகிய சாதாரணக் கூடுகளையே பாவியுங்கள்.

தேடினால் கிடைக்கவேண்டும்

அடுக்கி வைப்பது தேடி எடுப்பதற்கே. நமக்கு இதில் மூன்று தனிச் சிக்கல்கள் உண்டு.

முதலாவது எழுத்துரு. 2000களில் நாம் எல்லோரும் பாமினியில் தட்டச்சுச் செய்தோம். கணனிக்கு அது தமிழ் அல்ல, தமிழ் வேடம் போட்ட ஆங்கில எழுத்து. எழுத்துருவை மாற்றியவுடன் குப்பையாகத் தெரியும். யுனிகோட்டில் "கந்தையா" என்று தேடினால் பாமினியில் எழுதிய கந்தையா அகப்படமாட்டார். பழைய குறிப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. மாற்றியபின் ஒருமுறை கண்ணால் வாசித்துப் பார்க்கவும் வேண்டும்.

இரண்டாவது, ஆங்கில எழுத்துக்கூட்டல். சின்னத்தம்பி என்ற ஒரே பெயர் ஒரு பத்திரத்தில் எஸ் எழுத்தில் தொடங்கும், இன்னொன்றில் சி எழுத்தில் தொடங்கும். முடிவில் ஒன்றில் வை, மற்றதில் ஐ. பத்திரத்தில் உள்ளபடியே சான்றுக் குறிப்பில் எழுதுங்கள், திருத்தாதீர்கள். ஆனால் ஆளின் பெயரைத் தமிழில் ஒரே விதமாக எழுதி, மற்ற எழுத்துக்கூட்டல்களை 'மாற்றுப் பெயர்' என்ற கூட்டில் சேருங்கள். அப்போது எப்படித் தேடினாலும் ஆள் அகப்படுவார். என் அப்பப்பா இரண்டு ஆளானதற்குக் காரணமே இந்த எழுத்துக்கூட்டல்தான்.

மூன்றாவது, குடும்பப் பெயர். மேற்குநாட்டு மென்பொருள் எல்லாவற்றுக்கும் ஒரு குடும்பப் பெயர் கேட்கும். நமக்கோ தகப்பன் பெயர்தான் முன்னால் வரும், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். டென்மார்க்குக்கு வந்தபின் அண்ணனுக்குத் தகப்பன் பெயரும் தம்பிக்குச் சொந்தப் பெயரும் குடும்பப் பெயராகிய வீடுகளும் உண்டு. ஆகவே குடும்பப் பெயரை வைத்துத் தேடுவதை நம்பியிருக்க வேண்டாம். ஊரை வைத்தும் சான்றை வைத்தும் தேடப் பழகுங்கள்.

கிராம்ப்ஸ் மென்பொருளில் சான்றுக் குறிப்புகளுக்கென்றே தனிப் பார்வை உண்டு. பக்கத்தில் வடிகட்டும் பட்டை இருக்கும். சான்றின் தலைப்பு, பக்கம், திகதி, குறிப்பு, நம்பகத்தன்மை, அடையாளச் சீட்டு இவற்றில் எதை வைத்தும் தேடலாம். "அளவெட்டி" என்று தலைப்பில் இட்டால் அந்த ஊர்ப் பத்திரங்கள் எல்லாம் வரும். "மீண்டும் பார்க்கவேண்டியது" என்று ஓர் அடையாளச் சீட்டு உருவாக்கி, சந்தேகமானவற்றுக்கெல்லாம் அதை ஒட்டிவிடுங்கள். ஊருக்குப் போகும் முன்னர் அந்தச் சீட்டுள்ளவற்றை வடிகட்டி அச்சடித்தால், கச்சேரியில் என்ன கேட்கவேண்டும் என்ற பட்டியல் தயார்.

எனக்கு மிகவும் பயன்பட்டது இன்னொரு வடிகட்டி. ஓர் ஆளுக்கு எத்தனை சான்று உண்டு என்று எண்ணிப் பார்க்கும் விதி. அதில் பூச்சியம் என்று இட்டேன். முந்நூற்றுச் சொச்சம் பேரில் ஏறக்குறைய எல்லோருமே திரையில் வந்து நின்றார்கள். வெட்கமாக இருந்தது. ஆனால் வேலை எங்கே தொடங்கவேண்டும் என்பது தெரிந்தது.

இரண்டு சான்று முரண்பட்டால்

கணக்கில் பிழை நேர்ந்தால் நாம் அழிப்பதில்லை. பழைய பதிவு தெரியும்படி விட்டு, திருத்தப் பதிவு இடுவோம். இங்கும் அப்படித்தான். இரண்டு ஆண்டு வந்தால் இரண்டையும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சான்றை இணைத்து, நம்பகத்தன்மையைக் குறியுங்கள். ஜெட்கொம்மில் இதற்கு 0 முதல் 3 வரை நான்கு படி உண்டு. நிகழ்வோடு நேரடியாகச் சேர்ந்த சான்றுக்கு 3, பிந்திப் பதியப்பட்ட உத்தியோகப் பத்திரத்துக்கு 2, வாய்மொழி போன்றவற்றுக்கு 1, வெறும் ஊகத்துக்கு 0. ஒரு பத்திரத்துக்கு முழுவதுமாக ஒரே படி கொடுக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். பிள்ளையின் பிறந்த நாளுக்கு 3 பெறும் அதே பத்திரம், பாட்டனார் பிறந்த ஆண்டுக்கு 2கூடப் பெறாது. பாட்டனார் பிறந்ததைத் தகவல் கொடுத்தவர் கண்டிருக்க முடியாதல்லவா? அப்படி படி வேறுபடும்போது அதே சான்றின் கீழ் இன்னொரு குறிப்பு எழுதிக்கொள்ளலாம்.

என் அப்பப்பாவின் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பூச்சியம் சான்றுக்காரரை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, என்னுடைய பெயரும் அதில் இருந்தது. அலுமாரியில் இருந்து என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்தேன். டென்மார்க் அலுவலகங்களில் எத்தனையோ தரம் நீட்டிய பத்திரம். ஒருநாளும் முழுவதும் வாசித்ததில்லை. பாட்டனார் கூட்டில் அப்பப்பாவின் பெயரும், 1907 என்ற ஆண்டும் இருந்தன. தகவல் கொடுத்தவர் என் அப்பா.

இப்போது 1907க்கு ஒரு சான்று உண்டு. மகன் சொன்னது, படி 1. 1911ஐ நான் அழிக்கவில்லை. "2003இல் தொலைபேசியில் கேட்டது, சொன்னவர் பெயர் குறிக்கப்படவில்லை, படி 0" என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒருவேளை மாமி சொன்னதுதான் சரியாக இருக்கலாம். மூத்த பிள்ளை அல்லவா, அவருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் அவர்தான் சொன்னார் என்று என்னால் எழுத முடியாது. அவருடைய வார்த்தைக்குரிய மதிப்பை என் கவனக்குறைவு இல்லாமல் செய்துவிட்டது. அதுதான் எனக்கு இன்றைக்கும் மனவருத்தம்.

இரண்டு பிரதி, இரண்டு கூரை

என்னோடு வேலை செய்த டெனிஷ் நண்பர் ஒருவர், தன் வம்சாவளியை 1700கள் வரை தேவாலயப் பதிவேடுகளில் கண்டுபிடித்ததாகச் சொன்னார். எப்படி அவை தப்பின என்று கேட்டேன். டென்மார்க்கில் 1814 முதல் தேவாலயப் பதிவேட்டை இரண்டு பிரதியாக எழுதவேண்டும், இரண்டும் இரவில் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்று விதி வைத்தார்களாம். ஒரு வீடு எரிந்தாலும் மற்றது தப்பும். பெட்டகத்தோடு எல்லாவற்றையும் இழந்த நமக்கு இதைவிட நல்ல விதி வேறில்லை.

ஆகவே ஒரு பிரதி உங்கள் கணனியில், இன்னொன்று வேறு வீட்டில் அல்லது வேறு நாட்டில் உள்ள உறவினரிடம். பொதுவாகப் பாவிக்கும் ஜெட்கொம் 5.5.1 கோப்பில் பத்திரங்களின் படங்கள் உள்ளே வராது, பெயர் மாத்திரமே வரும். 2021இல் வந்த 7.0 வடிவத்தில் படங்களையும் சேர்த்துப் பொதி செய்யும் வசதி உண்டு. கிராம்ப்ஸிலும் படங்களோடு சேர்ந்த பொதியாக எடுக்கலாம். எதைப் பாவித்தாலும் படங்களையும் சேர்த்துக் கொடுத்தீர்களா என்று பாருங்கள்.

கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. உயிரோடு இருப்பவர்களின் விபரங்களை வெளியே விடாதீர்கள். சி.பி.ஆர். இலக்கத்தை வம்சாவளியில் எழுதவே வேண்டாம். அகதி வாக்குமூலங்களை இணையத்தில் ஏற்றவேண்டாம், அதில் ஊரில் இருப்பவர்களின் பெயரும் இருக்கும். உயிரோடு இருப்பவர்களை விலக்கி ஏற்றுமதி செய்யும் வசதி மென்பொருட்களில் உண்டு.

இந்த வாரமே செய்யக்கூடியது

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய யாராலும் முடியாது. இந்த வாரம் மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்து, அதை முதலாம் இலக்கச் சான்றாகப் பதியுங்கள். சான்று இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று வடிகட்டி, அந்த எண்ணைத் திகதியோடு எழுதி வையுங்கள். மூன்றாவதாக, உங்கள் குடும்பத்தில் வயதில் மூத்தவருக்குத் தொலைபேசி எடுங்கள். கதையுங்கள். அவர் சொல்வதை எழுதும்போது, முதல் வரியில் அவருடைய பெயரையும் அன்றைய திகதியையும் எழுதுங்கள்.

மூன்றாவதை மட்டும் அடுத்த கிழமைக்குத் தள்ளிவைக்க வேண்டாம். மற்ற இரண்டும் காத்திருக்கும்.

சந்தேகங்கள் இருந்தால் வழமைபோல ஒலிபரப்பு நேரத்தில் நிலையத்துக்கு அழையுங்கள். பழைய கல்வெட்டுகள் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்தால், ஸ்கான் செய்துவிட்டு அன்றே திருப்பித் தருவேன்.